கேமரா கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை

என் வீட்டுக்காரர் மயில்வாகனத்தை ஒரு சாமான் வாங்க அனுப்பினால், அந்தச் சாமானைத் தவிர மற்றதெல்லாம் வீடு வந்து சேரும். படம் ஓட்டுகிற மெஷினுக்கு சவுண்டு பல்பு வாங்கி வரச் சொல்லி மெட்ராஸுக்கு அனுப்பினேன். மூர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தவர், கடைசி பஸ்ஸில் ஒரு சினிமா கேமராவோடு வந்து இறங்கினார். பழைய கேமரா. பக்கத்தில் சாவி கொடுத்தால் கடிகாரம் மாதிரி தானே ஓடும். பல்பு எங்கே என்று கேட்டேன். பல்பு இல்லாவிட்டாலும் படம் தெரியும், சத்தம் மட்டும்தான் வராது என்றார். இதைச் சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் பாருங்கள்.

எங்களுடையது டூரிங் டாக்கீஸ். சின்ன பிலிம் ஓட்டுகிற கொட்டகை. ஊர் ஊராகப் போய் டென்ட் அடிப்போம். மெஷினை அவர் பார்த்துக்கொள்வார். டிக்கெட் கிழிப்பது, மைக்கில் கூவுவது, குடித்துவிட்டு வருகிறவனைத் திருப்பி அனுப்புவது எல்லாம் நான். மெஷின் எங்களுடையது. ஆனால் டென்ட் துணி என் அண்ணன் கலியனுடையது. வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருக்கிறார். நெல் மூட வாங்கிய துணியை, தங்கச்சி பிழைத்துப் போகட்டும் என்று எங்களுக்குக் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே இருந்தார். கொட்டகையில் கூட்டம் குறைந்தால் போதும், கழுகுக்கு மூக்கில் வியர்த்தாற்போல அன்றைக்கென்று வந்து நிற்பார்.

கேமராவுக்குள் யாரோ எடுத்து முடித்த பிலிம் ஒன்று அப்படியே இருந்தது. கடைக்காரனும் பார்க்கவில்லை, இவரும் பார்க்கவில்லை. கோடம்பாக்கம் லேபில் வேலை செய்கிற தேவசகாயம் இவருக்குச் சிநேகிதன். அவன் அதைக் கழுவி, சுருளாகக் கொண்டுவந்து கொடுத்தான்; கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "ராத்திரியில தனியா பாக்காதீங்கக்கா" என்றான். சினிமாக்காரன் பேச்சு என்று நான் சிரித்தேன்.

அப்போது மாகறலில் கேம்ப். சவுண்டு பல்பு போனது போனதுதான். அன்றைக்குப் படத்தில் கதாநாயகி வாயை வாயைத் திறந்து பாடுகிறாள், சத்தமில்லை. தரை டிக்கெட்டில் மணலை அள்ளி வீச ஆரம்பித்தார்கள். வேறு வழி தெரியாமல், அந்தச் சுருளைப் போடுங்கள், கொஞ்ச நேரம் சமாளிக்கலாம் என்று இவரிடம் சொன்னேன். மைக் மட்டும் உயிரோடு இருந்தது. என்ன படம் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இது யாரு எடுத்த படம்னு யாருக்கும் தெரியாது. கேமரா கெடைச்சிது. ஆள் கெடைக்கல."

மணல் வீசிய கை அப்படியே நின்றது.

முதலில் ஒரு கோபுரம், மழைமேகத்தில் பாதி மறைந்து. அப்புறம் புறாக்கள். ஒரு மாட்டின் வால். பிறகு ஒரு தெரு, விடிந்தும் விடியாத வெளிச்சம். அந்தத் தெருவின் கோடியில் வெள்ளையாக ஏதோ அசைகிறது. படம் எடுக்கிறவன் நிற்கிறான். அது வருகிறது. அவன் ஓடுகிறான். தரை, அவனுடைய செருப்பில்லாத ஒரு கால், வானம், மறுபடி தரை. தடால் என்று ஒரு குலுக்கல். அதற்குப் பிறகு படம் அசையவே இல்லை. அசையாத அந்தப் படத்தில், பூரான் சுவரில் ஏறுவதுபோல, நீளமான வெள்ளை உடம்போடு ஒன்று திரையின் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தது. முதுகு விம்மி விம்மித் தாழ்ந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கால்கள். எண்ண முடியாத கால்கள். திரையை அடைத்துக்கொண்டு ஏறி, அப்படியே இருட்டு.

பெஞ்சு டிக்கெட்டில் இருந்தவர்கள் கொட்டகைக்கு வெளியே நின்றார்கள். எப்படிப் போனார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நான் மைக்கைப் பிடித்தபடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்டிருக்கிறது.

மறுநாள் மாகறலில் திரும்பிய பக்கமெல்லாம் தலை. சவுண்டு பல்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். எத்தனையோ ராட்சசப் படம் ஓட்டியிருக்கிறோம். ராட்சசன் இடுப்பில் கை வைத்துச் சிரிப்பான், கேமரா பக்கத்திலேயே மரியாதையாக நின்று அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கும். அவன் பல்லைப் பார்த்தால் பஞ்சுமிட்டாய் கலர். குழந்தைகூட வேர்க்கடலையை மென்றுகொண்டே பார்க்கும். இந்தப் படத்தில் பல்லும் இல்லை, சிரிப்பும் இல்லை, ஒழுங்காக ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டவும் இல்லை. ஆனால் எடுத்தவன் பயந்து ஓடுகிறான். காசு வாங்கிக்கொண்டு நடிக்கிறவன் அப்படிச் செருப்பை விட்டுவிட்டு ஓடமாட்டான். அந்த ஒற்றைக் காலைப் பார்த்ததும் நம் காலும் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் வெளியே வந்து, அப்பாடா நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பக்கத்திலிருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதற்காகத்தான் மறுநாளும் வருகிறார்கள். நானும் அதற்காகத்தான் தினமும் மைக் அருகே நின்றேன்.

அது எந்த இடம் என்பதில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கட்சி. மாகறலில் அது செய்யாற்றங்கரையில் திரிவதாகச் சொன்னார்கள். ஏனாத்தூரில் எங்கள் ஏரிக்கரையில்தான் என்று சத்தியம் செய்தார்கள். ஒருவர் அதன் கால்தடத்தைக்கூடக் காட்டினார், எருமைக் குளம்பு மாதிரி இருந்தது. எல்லா ஊரும் அது தனக்கே வேண்டும் என்றது.

ஆனாலும் ஒரே பூதம் எத்தனை நாளைக்குச் சோறு போடும்? அந்த வருஷம் அறுவடை நன்றாக இருந்தது. அண்ணனுக்கு நெல் மூடத் துணி போதவில்லை. பங்குனி கடைசியில் வந்து உட்கார்ந்து, காஞ்சிபுரத்தில் கடைசியாக ஒரு கேம்ப் போட்டுக்கொள், அமாவாசை அன்று நானே வந்து பார்ப்பேன், கொட்டகை நிறைந்து, இனிமேலும் நிறையும் என்று எனக்குத் தோன்ற வேண்டும், இல்லையென்றால் துணியை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். துணி போனால் கொட்டகை இல்லை. திறந்த வெளியில் யார் டிக்கெட் வாங்குவார்கள்? கொட்டகை இல்லாவிட்டால் இந்த மனிதர் மயில்வாகனம் என்ன ஆவார் என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பல்பு வாங்கத் தெரியாதவர்தான். ஆனால் மெஷினில் வெளிச்சம் வந்ததும் அவர் முகத்தில் ஒன்று வரும் பாருங்கள், அதைப் பார்த்துத்தான் நான் இத்தனை ஊர் சுற்றினேன்.

காஞ்சிபுரத்தில் நல்ல நல்ல தியேட்டர் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே வேகவதி ஆற்றங்கரை. எதிரே பிள்ளையார்பாளையத்துக் கடைசித் தெரு, நெசவுக்காரர்கள் தெரு. அமாவாசை அன்று தறி ஓடாது, அவர்களுக்கு விடுமுறை. பூதத்தின் பெயர் எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குள் போயிருந்ததால் சாயங்காலமே கூட்டம் கட்டியது. கொட்டகை நிறைந்துவிட்டது. அண்ணன் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் அதுவரை அந்தச் சுருளைப் பார்த்ததில்லை.

நான் என் வசனத்தைச் சொன்னேன். கோபுரம் வந்தது, புறா வந்தது. கூட்டத்தில் வழக்கத்துக்கு மாறாக ஒரு முணுமுணுப்பு. தெரு வந்தது, ஓட்டம் வந்தது, கேமரா விழுந்தது. பூதம் ஏற ஆரம்பித்தது. அண்ணன் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் நிதானமாக வந்தது. பட்டம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன், அந்தத் தெருவில் தறி வைத்திருக்கிற அம்மா.

"ஐய, இது பாவு. தலைய சாச்சிக்கினு பாருங்க."

கொட்டகையில் இருந்த அத்தனை தலையும் வலப்பக்கம் சாய்ந்தது. மெஷின் பக்கத்திலிருந்து பார்த்தேன், காற்றடித்த நெல்வயல் மாதிரி ஒரே சாய்வு. நானும் சாய்ந்தேன். சுவர் தெருவாகப் படுத்தது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கால்கள் தரையில் ஊன்றின. அந்தக் கால்களுக்கு வேட்டியும் சேலையும் இருந்தன.

தறியில் ஏற்றுவதற்கு முன்னால், விடியற்காலையில் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டி, மூங்கிலில் தாங்கிக் கஞ்சி போடுவது அந்த ஊர் வழக்கம். அந்த நேரத்தில் மழைத்தூறல் விழுந்தால் பாவு கெட்டது. அதனால் ஒரு சத்தம் கொடுத்தால் தெருவே ஓடிவரும். பாவைத் தரையில் படாமல், தொய்யாமல் அப்படியே தூக்கி, போர்வையையும் வேட்டியையும் மேலே போட்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே ஓட்டமாகக் கூரைக்குள் கொண்டுபோய்விடுவார்கள். இவ்வளவுதான் எங்கள் பூதம். கேமரா குப்புற விழாமல் ஒருக்களித்து விழுந்ததால் படுத்திருந்த தெரு எழுந்து நின்றுவிட்டது. கேமராவையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கிக் கொட்டகை முழுக்கப் பரவியது. இன்னொரு தடவை போடு என்றார்கள். போட்டார். மறுபடி போடு என்றார்கள். ஆளாளுக்குத் திரையில் கால் தேடினார்கள். அந்தக் கட்டம் போட்ட லுங்கி நான், அந்தத் தண்டைக்கால் எங்கள் அத்தை என்று ஒரே கூச்சல். ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். அவர் பெயர் அர்ஜுனன். அன்றைக்கு நீட்டியிருந்த பாவு அவருடையதுதானாம், மகள் கல்யாணச் சேலைக்கான பாவு. திரையில் தன் காலுக்குப் பின்னால் வந்த சேலையைக் காட்டி, நடுவிலிருந்த மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"பட்டம்மா, அன்னைக்கி என் பின்னால தூக்கிக்கினு வந்தது நீயா?"

சிரித்தவர்கள் எல்லாம் தட்டிப் பக்கம் திரும்பினார்கள். நடுச்சுவர்த் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது என்று எனக்கு அப்புறம் சொன்னார்கள். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஓடினதில் பின்னால் யார் என்று அவருக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

"மழ வந்தா யாரு பாவுன்னு பாத்துக்கினா தூக்குவாங்க?" என்றாள் பட்டம்மாள்.

அர்ஜுனன் உட்கார்ந்தார். உட்கார்ந்து ஒரு கதையைச் சொன்னார். அன்றைக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பையன் கேமராவும் கையுமாகக் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரிந்தான். மழை விட்டு வெளியே வந்து பார்த்தால் தெருவில் கேமரா கிடக்கிறது, ஒரு செருப்பு கிடக்கிறது, பையனைக் காணோம். வருவான் வருவான் என்று நெடுநாள் தறி மூலையில் வைத்திருந்தார்களாம். வரவே இல்லை. கடைசியில் பழைய சாமான்காரன் எடுத்துக்கொண்டு போனான். ஆக, நான் மாகறலில் வாயில் வந்தபடி அவிழ்த்துவிட்ட பொய் அட்சரம் பிசகாமல் உண்மை. கேமரா கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் அண்ணன்கூட மறந்துபோனார்.

அவர் மறக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் வந்தார்.

"சிரிச்சிட்டாங்கம்மா. பூதம் இன்னான்னு தெரிஞ்சிபோச்சி. இனிமே எவன் வருவான்? காலையில லாரி வருது."

நான் கத்தினேன், கெஞ்சினேன், அப்பா பெயரை இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மயில்வாகனம் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னோடு சண்டைபோட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காலையில் லாரி வந்தது. கயிறுகளை அவிழ்த்து, துணியை இறக்கி ஆற்று மணலில் பரப்பினார்கள். மெஷினும் ஸ்பீக்கரும் கூரையில்லாமல் அம்மணமாக நின்றன. அப்போதுதான் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை சொல்லிவிட்டா வரும்? முதல் காற்றே துணியின் ஒரு மூலையைத் தூக்கி அண்ணன் தலைமேல் போட்டது. பொட்டுப் பொட்டென்று தூறல். மெஷினுக்குள் தண்ணீர் இறங்கினால் எல்லாம் முடிந்தது. நான் என் சேலைத் தலைப்பால் மெஷினை மூடிக்கொண்டு, லாரிக்காரனையும் என் தலைவிதியையும் சேர்த்துத் திட்டினேன்.

எதிர்த்தெருவில் யாரோ சத்தம் கொடுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். தெருக்கோடியில் வெள்ளையாக, நீளமாக, முதுகு விம்ம, அத்தனை காலோடு அது வந்துகொண்டிருந்தது. என்ன என்று தெரியும். நேற்று ராத்திரிதான் தலையைச் சாய்த்துப் பார்த்துச் சிரித்தேன். இருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது ஒரு வீட்டுக்குள் நுழைந்து மறைந்தது. மறு நிமிஷம் அந்தக் கால்கள் எல்லாம் வெளியே வந்து, எங்கள் பக்கமாக ஓடிவந்தன. பட்டம்மாள் முன்னால், அர்ஜுனன் அவளுக்குப் பின்னால்.

நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. மழையில் ஒரு துணி வெளியே கிடக்கிறது, அவர்களுக்கு அது போதும். ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள். டென்ட் துணி மணலை விட்டு எழுந்தது. எழுந்து, மெஷினை நோக்கி நடந்தது. அடியில் மாட்டிக்கொண்ட அண்ணன் எந்தப் பக்கம் வெளியே வருவது என்று தெரியாமல், எல்லோரும் போகிற பக்கம் தானும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடந்தார். முன்னால் நடந்தவர் அவர்தான்.

என் வீட்டுக்காரரைத் தேடினேன். லாரியின் கூரைமேல் மழையில் நனைந்துகொண்டு, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார். நல்ல காட்சி கிடைக்கட்டும் என்று, தேவசகாயம் கொடுத்த ஒரே ஒரு புதுப் பிலிமை மாதக்கணக்காகப் பொத்தி வைத்திருந்தவர். இறங்கி வந்து மெஷினைப் பாருங்கள் என்று கத்த வாயெடுத்தேன். அவர் முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

துணி என்மேலும் மெஷின்மேலும் வந்து நின்றது. உள்ளே இருட்டு, கஞ்சி வாசனை, எல்லோருடைய மூச்சும் சிரிப்பும். மேலே மழை கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அண்ணனும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் சின்ன வயதில் பார்த்ததுதான். எனக்கு அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பட்டம்மாளின் கை அண்ணன் கைக்குப் பக்கத்தில் துணியைத் தாங்கிக்கொண்டிருந்தது. பார்த்தால் முதலாளி மாதிரி இருக்கிறாரே என்று அவரையே கேட்டாள்.

"இன்னைக்கி எத்தினி மணிக்குங்க ஆட்டம்? எங்க காலப் பாக்கணும்னு நாத்தனாருங்க ஒரு வண்டி வராங்க."

எல்லோரும் தூக்கிய கையோடு அண்ணனைப் பார்த்தார்கள். இருட்டில் எனக்கு அவர் முகம் தெரியவில்லை.

"வழக்கம்போலதாம்மா," என்றார். "முன்னாடியே வந்துடுங்க. தரை டிக்கெட்டு தீந்துபூடும்."

லாரி வெறுமனே திரும்பிப் போனது. அன்றைக்கும், அந்தக் கேம்ப் முழுக்கவும், ஒவ்வொரு நெசவுத் தெருவும் தன் காலைத் தேடிக்கொண்டு வந்தது.

மயில்வாகனம் எடுத்ததையும் தேவசகாயம் கழுவிக் கொடுத்தான். பழைய சுருளோடு ஒட்டி ஊர் ஊராக ஓட்டினோம். இதில் கேமரா விழவில்லை, பூதம் நேராகத்தான் வருகிறது. நான் மைக்கில் அதே வசனத்தைத்தான் சொல்வேன். அண்ணன் நெல்லுக்கு வேறு துணி வாங்கிவிட்டார். ஆனால் எங்கே கேம்ப் போட்டாலும் ஒருநாள் வந்துவிடுவார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவனை இடிப்பார்.

"முன்னால வர்ற கால் இருக்குது பாரு, அது நான்தான்."

எந்த ஊரிலும் ஒருவரும் நம்பியதில்லை. நம்ப அவர்களுக்கு இஷ்டமில்லை. போன மாதம் ஏனாத்தூரில் ஒருவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவரை அதட்டினான்.

"சும்மா இருய்யா. பூதம் வருது."

அண்ணன் சும்மா இருந்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.